பர்மிங்காம்: தரம் ஒன்று, ஊதியம் வேறு

பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சி 2023 செப்டம்பரில் அத்தியாவசியமற்ற புதிய செலவுகளை நிறுத்தியபோது, நிர்வாகச் சீர்கேடே காரணம் என்று பலரும் கூறினர். அதில் உண்மை உண்டு. ஆயினும் பெருஞ்சுமையாக நின்றது, பெண் ஊழியர்களுக்குத் தராமல் விட்ட ஊதியமே.

அங்கு சம ஊதியச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டது. உள்ளாட்சி ஊழியர்களை ஒரே ஊதிய அமைப்பின்கீழ் கொண்டுவரும் உடன்பாடு 1997-இல்தான் வந்தது. திறன், பொறுப்பு, பணிச்சூழல் போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பணியின் தரத்தை வகுப்பது இதன் வழிமுறை. பர்மிங்காமில் கோளாறு தரவரிசைக்கு வெளியே இருந்தது. ஒரே தரத்தில் இருந்தும், குப்பை அள்ளுதல், கல்லறை தோண்டுதல் போன்ற ஆண்கள் மிகுந்த பணிகளுக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. முதியோரைப் பராமரித்தவர்களுக்கும் சமையல் பணியாளர்களுக்கும் கிடைக்கவில்லை. கல்லறை தோண்டுவதில் உற்பத்தித்திறனை எவ்வாறு அளந்தார்களோ, பொருளியல் கற்பித்த எனக்கு விளங்கவில்லை.

பணியிலிருந்து விலகியோரும் ஆறு ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் மாநகராட்சி வழங்கிய தொகை சுமார் 110 கோடி பவுண்டு. இதற்காகத் தேசியக் கண்காட்சி மையமே விற்கப்பட்டது. 2023-இல் மேலும் 65 முதல் 76 கோடி வரை பாக்கி என்று மதிப்பிட்டனர்.

2025-இல் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுள் ஒரு பதவியை மாநகராட்சி நீக்கியதே காரணம். அது நீடித்தால் மீண்டும் சம ஊதிய வழக்குகள் எழும் என்பது நிர்வாகத்தின் வாதம். வாதம் சட்டப்படி வலுவானதாக இருக்கலாம். ஆனால், பெண்களுக்கு உயர்த்தத் தயங்கிய ஊதியத்தை இன்று ஆண்களிடம் குறைத்துச் சமன் செய்ய முயல்வதைக் கடைநிலைத் தொழிலாளி ஏற்பான் என்று எந்த நிர்வாகம் எதிர்பார்க்க முடியும்?