இரண்டு அளவுகோலும் ஒரு வரைபும்

அரிசியைக் கொத்தினால் அளக்கிறோம். சீலையை முழத்தினால் அளக்கிறோம். நான்கு கொத்து அரிசி பெரிதா, ஐந்து முழச் சீலை பெரிதா என்று ஒருவர் வினவினால் வீட்டிலுள்ள சிறுவரும் நகைப்பர். ஆயினும், அதே வினாவைக் கணினி வரைபொன்று நம் முன் வைக்கும்போது நாம் நகைப்பதில்லை; நம்பிவிடுகிறோம். இவ்வாரம் அதுபற்றிச் சிறிது சிந்திப்போம்.

புவியியல் கற்கும் மாணவர் ஒருவர் சென்ற தவணையில் எம்மிடம் ஒரு வரைபைக் கொணர்ந்தார். யாழ்ப்பாணத்தின் மாதாந்த மழைவீழ்ச்சியையும் சராசரி வெப்பநிலையையும் விரிதாளிற் பதிந்து, ஒரே வரைபாக வரைந்திருந்தார். மழைவீழ்ச்சி நவம்பரில் 300 மில்லிமீற்றரைத் தாண்டி மலைபோல் எழுந்து நின்றது. வெப்பநிலையோ ஏறத்தாழ 25 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே அசைவதாதலின், அதன் கோடு அடியிலே நூல் கிடந்தாற்போற் கிடந்தது. "ஐயா, வெப்பம் மாறவேயில்லைப் போலும்" என்றார் மாணவர். மாறாதது வெப்பமன்று, மழையின் அளவுகோல் வெப்பத்துக்குப் பொருந்தவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. வெப்பநிலைக் கோட்டின்மேற் சுட்டியை வைத்து வலப்பொத்தானை அழுத்தி, அத்தொடரின் அமைப்பைத் திறந்து, இரண்டாம் அச்சைத் தெரிவு செய்தால் வலப்புறத்தில் வேறோர் அளவுகோல் தோன்றும். மழையைச் சலாகைகளாகவும் வெப்பத்தைக் கோடாகவும் வைத்தால் கண்ணும் மயங்காது. அவ்வாறு செய்தவுடன் வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் துலங்கிற்று.

மாணவர் மகிழ்ந்தார்; மறுகணமே வேறொன்று கூறினார். "மாரி தொடங்கும் இந்த இடத்தில் மழையும் வெப்பமும் சமமாகின்றன, ஐயா." வலப்புற அச்சின் உச்சியை 40 பாகையிலிருந்து 80 பாகையாக மாற்றும்படி சொன்னோம். கோடு கீழே இறங்கிற்று. இரண்டும் சந்தித்த இடமும் நகர்ந்தது. வானத்தில் எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்ததெல்லாம் நம் விரலில்.

அங்ஙனமாயின் இரண்டு அச்சுகள் எப்போதும் பொய்யோ? அன்று. பிரான்சு நாட்டுத் தாவரவியலாளராகிய பக்னூல், கோசென் என்போர் 1953 இல் ஒரு விதியை முன்வைத்தனர். மாத மழையின் மில்லிமீற்றர் அளவு, வெப்பநிலைப் பாகையின் இருமடங்கிலும் குறையுமாயின் அம்மாதம் வறண்டது என்பதே அது. 1960 முதல் வெளிவந்த வால்ட்டர், லீத் ஆகியோரின் காலநிலை வரைபட ஏட்டில் 10 பாகைக்கு நேரே 20 மில்லிமீற்றர் அமையும்படி இரு அச்சுகளும் பிணைக்கப்பட்டன. அங்கே மழைக்கோடு வெப்பக்கோட்டின் கீழிறங்கினால், நிலம் வறள்கிறது என்று பொருள். எந்த அளவுக்கு எந்த அளவு நேர் என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆதலால் கோடுகளின் சந்திப்புக்கும் ஒரு பொருள் உண்டு.

நியாயமின்றி அச்சமைத்த பிழையை நாமே ஒருமுறை புரிந்தோம். பெற்றோர் கூட்டமொன்றில், மாலை வகுப்புக்கு வந்தோர் தொகையையும் வகுப்பின் சராசரிப் புள்ளியையும் ஒரே வரைபிற் காட்டினோம். இடப்புறம் 0 முதல் 30. வலப்புறம் 50 முதல் 55. இரு கோடுகளும் கைகோத்து ஏறின. பின்வரிசையிலிருந்து ஒரு தந்தையார் எழுந்து, "அப்படியாயின் என் மகன் பின்தங்குவது, மாலையில் என்னோடு தோட்டத்துக்கு வருவதாலோ?" என்று கேட்டார். நாம் மறுத்துரைக்கவில்லை. அடுத்த வாரமே அவர் கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு மகனை வகுப்புக்கு அனுப்பினார்.

அன்றிரவு மனம் உறுத்தவே, வரைபை வேறு விதமாக வரைந்தோம். முதற் தவணையின் அளவை 100 எனக் கொண்டு இரண்டையும் ஒரே அச்சில் வைத்தோம். வந்தோர் தொகை 10 இலிருந்து 30 ஆனமையால் அக்கோடு 300 இற் சென்று நின்றது. புள்ளியோ 52 இலிருந்து 55 மட்டுமே. அது 106 ஐயும் எட்டவில்லை. மறுநாள் அத்தந்தையாரின் படலையில் நின்று உண்மையைக் கூறினோம். அவர் சினக்கவில்லை. "படத்திற் பார்த்தேன், நம்பினேன்" என்றார். அச்சொல் இன்றும் எம்மைச் சுடுகிறது.

ஆதலின், மாணவர்காள், இரண்டு அச்சுகளை இடும்போது ஒவ்வோர் அச்சையும் அதற்குரிய கோட்டின் நிறத்திலேயே தீட்டுங்கள். அலகை மறவாது எழுதுங்கள். பிறர் வரைந்ததைக் காணும்போது, கோடுகளைப் பார்க்குமுன் இருபுறத்து எண்களையும் படியுங்கள். கோடு காட்டுவது பாதி. அளவுகோலை இட்ட கை காட்டுவது மறுபாதி.