பையும் பாவையரும்

ஏழாயிரம்பண்ணையில் மருந்து என்றால் நோய் தீர்ப்பதன்று, வெடிப்பது! குழாய்க்குள் மருந்து செலுத்தும் பெண்ணுக்கு, உராய்ந்தால் உயிர் போகும் என்பது தெரியும். பட்டாசுப் பெட்டியின் மீதும் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. அதே பெண், புற்றுநோய்க்கு மார்பகத்தைப் பறிகொடுத்து, அவ்விடத்தில் சிலிக்கோன் பை வைத்துக்கொள்ள நேர்ந்தால், அந்தப் பையைப்பற்றி அவளுக்கு எடுத்துரைப்பவர் யார்?

2018இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு ஏழையர்க்கு இலவசம் என்று அரசு அறிவித்தது. ஏழைக்கு எதற்கு எழில் என்று எள்ளி நகையாடுவோர் நம்மிடையே உண்டு. சீமாட்டிக்குச் செய்தால் சிகிச்சை, சித்தாளுக்குச் செய்தால் ஆடம்பரமோ? அந்த ஏளனத்தை நாம் ஏற்கவில்லை. நமது கேள்வி வேறு.

1962இல் அமெரிக்காவில் முதன்முதல் பொருத்தப்பட்டது இப்பை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல்தான், தீங்கற்றது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு அந்நாட்டு அரசு அதன் பொதுப்பயன்பாட்டைத் தடுத்தது. 1999இல் அறிஞர் குழுவொன்று, மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு இப்பையே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றது. 2006இல் தடை தளர்ந்தது. ஆய்வின் முடிவை மதிக்கிறோம். ஆனால் பை கிழிவதும், சுற்றிலும் தழும்பு இறுகுவதும் மெய்யான தொல்லைகள் என்று அதே குழு கூறிற்றே, அதை ஏன் மறைக்கவேண்டும்?

பிரான்சில் நடந்ததோ பச்சை மோசடி! பிப் என்ற நிறுவனம் தொழிற்சாலைக்குரிய மலிவான சிலிக்கோனை அடைத்துப் பல நாடுகளில் விற்றது, 2010இல் பிடிபட்டது, 2013இல் அதன் முதலாளிக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேலுறைப் பைகளை உலகெங்குமிருந்து திரும்பப் பெற்றது. அவற்றைச் சூழ்ந்து, அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்று தோன்றியதே காரணம்.

களைப்பு, மூட்டுவலி, மறதி என்று முறையிடும் பெண்களின் துன்பத்துக்குக் காரணம் இன்னும் துலங்கவில்லை. பையை அகற்றியபின் நலமடைந்தோரும் உளர். துலங்காததை மனப்பிரமை என்று தள்ளிவிட எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை, கணவனுக்கும் இல்லை!

2021இல் அமெரிக்கா, கேடுகளை வரிவரியாக விளக்கும் தாளொன்றை நோயாளியிடம் தந்து கையொப்பம் பெறவேண்டும் என்று கட்டளையிட்டது. இப்பை ஆயுள் முழுதும் நிலைப்பதன்று என்பதும் அவ்விளக்கத்தில் உண்டு. அத்தகைய தாளைத் தமிழில் கேட்கிறோம். எழுத்தறியாதவளுக்கு, கைந்நாட்டு வாங்குமுன், படித்துக்காட்டக் கோருகிறோம். பையின் பெயரும் எண்ணும் பொறித்த அட்டை அவள் கையில் இருக்கட்டும். பொருத்துவது இலவசம் என்போர், பத்தாண்டு கழித்து அது கிழிந்தால் அகற்றுவதும் இலவசமே என்று எழுதித் தரட்டும்.