தொலைபேசிக் குரலும் தமிழ் எழுத்தொலியும்

கைபேசியிலே ஒருவர் பேசக் கேட்குங்கால், அவர் வாயினின்றும் புறப்பட்ட ஒலியையே நாம் கேட்கின்றோம் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அஃது உண்மையன்று. அவ்வொலியைப் பற்றிய ஒரு சுருக்கக் குறிப்பே எண்களாகி வானில் வருகின்றது. அக்குறிப்பைக் கொண்டு நம் கையிலுள்ள கருவி ஒரு குரலைப் புதிதாகச் சமைத்துத் தருகின்றது. இங்ஙனம் குறிப்பினை விரித்து ஒலியாக்கும் உறுப்புக்கு டிகோடர் என்பது பெயர். அதன் கடைவாயிலில் ஒரு வடிகட்டி இருந்து, இரைச்சலை அடக்கிக் குரலைத் துலக்கி நம் செவிக்கு விடுகின்றது. இதனைப் பற்றித் தமிழ் பயிலும் மாணவனொருவன் எழுதப் புகுவது வரம்பு கடத்தலாகுமென்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். அவ்வடிகட்டியின் தரத்தை அளந்து கூறும் வேலையிற் பாதி நம்முடையதென்பதே யான் ஈண்டுச் சொல்லக் கருதியது.

தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்க்கு இவ்விஷயத்தின் அடிப்படை புதிதன்று. உந்தியினின்றெழும் காற்றொன்று, அது தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் அமைதியால் வெவ்வேறு எழுத்தாதல் மற்றொன்று. இக்காலத்துக் குரற்சுருக்க முறையும் இவ்விரண்டையுமே பிரித்துக் கொள்கின்றது. காற்றும் குரல்வளை அதிர்வும் ஒரு பங்கு. வாயின் வடிவம் மற்றொரு பங்கு. வாயின் வடிவத்தைப் பத்துப் பன்னிரண்டு எண்களாற் குறித்துவிட்டால், ஒலியை முழுதும் அனுப்ப வேண்டுவதில்லை. கான்பூரிற் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பயின்று, 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுச்சாலையைச் சேர்ந்த பிஷ்ணு அடல் என்பார் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவரும் மான்பிரட் ஷ்ரோடரும் 1985-ல் வெளியிட்ட முறையின் வழிவந்தனவே பின்னர்க் கைபேசிகளிற் புகுந்த முறைகளுட் பெரும்பாலன. அன்று ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்குதற்கு, உலகின் மிக விரைவான கணிப்பொறிகளுள் ஒன்றாயிருந்த கிரே இயந்திரம் 125 விநாடி உழைத்ததாம். இன்று அவ்வேலையை நம் சட்டைப்பையிலுள்ள சிறு கருவி பேச்சோடு பேச்சாகச் செய்து முடிக்கின்றது.

சுருக்கத்தின் அளவு வியக்கத்தக்கது. பழைய எண்முறைத் தொலைபேசியில் விநாடிக்கு 64,000 பிட் சென்றது. 1999-ல் கைபேசிக்கென வகுக்கப்பட்ட ஏ.எம்.ஆர். முறையில் 12,200 பிட். வலையின் வலிமை குன்றுந்தோறும் அது படிப்படியாக இறங்கி 4,750 பிட் வரை வந்து நிற்கும். விநாடியை ஐம்பது கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் வாயின் வடிவத்தை எழுதியனுப்ப வேண்டும். இத்துணைச் சிறிய ஓலையில் எழுதினால் எழுத்துப் பிழை நேராதிருக்குமோ? அப்பிழையே நம் செவியில் கரகரப்பாகக் கேட்கின்றது.

வடிகட்டி வருவது ஈண்டுத்தான். எவ்வொலியை எடுத்தாலும் அதன் ஆற்றல் சில அதிர்வெண்களில் மலைமுகடு போல் உயர்ந்தும், இடையிடையே பள்ளமாய்த் தாழ்ந்தும் இருக்கும். முகட்டின் கீழ்ப் படிந்த இரைச்சலைக் காது பொருட்படுத்துவதில்லை. குரலின் வலிமை அதனை மூடிவிடும். பள்ளத்திற் கிடக்கும் இரைச்சலே காதை உறுத்துவது. ஆகலின், பள்ளங்களை இன்னும் ஆழமாக்கி முகடுகளை நிற்கவிட்டால் குரல் தெளிந்ததுபோல் தோன்றும். சென், கெர்ஷோ என்னும் இருவர் 1987-லும், விரிவாக 1995-லும் இம்முறையை வகுத்துரைத்தனர். அவர்தம் வடிகட்டி நிலையானதன்று. வாயின் வடிவம் மாறுந்தோறும் தானும் மாறுவது. இதனால் குரல் சிறிது மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகுமாதலின், அக்குறையை ஈடுசெய்ய மற்றொரு சிறு வடிகட்டியும் உடன் வைத்தனர். 1996-ல் வந்த ஜி.729 முதலிய முறைகளிலும் இவ்வமைப்பு உண்டு. அனுப்புவோர் கருவியில் யாதொன்றும் மாற்றாமல், கேட்போர் பக்கத்தில் மட்டும் செய்யப்படும் திருத்தம் இஃதென்பது இதன் பெருஞ் சிறப்பு.

இனி என் ஐயத்திற்கு வருகின்றேன். இவ்வடிகட்டி, எந்த எண்களாற் குரல் சமைக்கப்பட்டதோ அவ்வெண்களினின்றே ஆக்கப்படுகின்றது. அஃதாவது, முகடு எங்குளதென்று வந்த ஓலை சொல்கின்றதோ அங்குள்ளதையே அது துலக்கும். ஓலையிலேயே முகடு இடம் பெயர்ந்திருந்தால்? பிழையான முகட்டையும் அது அவ்வாறே துலக்கிக் காட்டும். கேட்பவர்க்குக் குரல் இனிதாயிருக்கும்; சொல் வேறாயிருக்கும்.

தமிழுக்கு இது சிறிய செய்தியன்று. லகரமும் ளகரமும் ழகரமும் தம்முள் வேறுபடுவது நாநுனியின் ஒரு சிறு வளைவினால். அவ்வளைவு ஒலியில் மூன்றாம் முகட்டின் இடத்தைப் பெரிதும் பற்றி நிற்கின்றது. ழகரத்தில் அம்முகடு வெகுவாகத் தாழ்ந்து இரண்டாவதை நெருங்கிவிடும். ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பைர்டு, அபிகேல் கான் என்னும் மூவர் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காந்தப் படக்கருவியின் துணைகொண்டு தமிழனொருவன் வாய்க்குள் இவ்வெழுத்துக்கள் பிறக்குமாற்றைப் படம் பிடித்தே காட்டியிருக்கின்றனர். மூன்றாம் முகடோ முதலிரண்டினும் வலிகுறைந்தது. பிட் குறையுங்கால் முதலிற் சிதைதற்குரியது. மூக்கொலியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மூக்கின் வழி திறக்கும்போது ஒலியிற் சில பகுதிகள் உறிஞ்சப்பட்டுப் பள்ளமாகின்றன. நான் மேற்கூறிய முறையோ முகடுகளை வரையத் தெரிந்தது. இத்தகைய பள்ளங்களை நேரே வரையத் தெரியாதது. மனமும் மணமும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே.

எங்கள் விடுதியில் ஒரு தோழர்க்குச் சென்ற ஆண்டு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பாட்டி நோயுற்றுக் கிடந்த காலம். "இனிமே வலி இல்ல" என்று சித்தப்பா சொல்லியிருக்கின்றார். அடைமழை, அலைவலிமை குறைந்த நேரம், அழைப்பும் உடனே அறுந்துபோயிற்று. இவர் செவியில் விழுந்தது "இனிமே வழி இல்ல" என்பது. பெட்டியைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் பேருந்தில் அழுதுகொண்டே சென்றவர், காலையிற் பாட்டி இட்டிலி உண்பதைக் கண்டார். இது நன்றாய் முடிந்தது. எதிர்மாறாக நிகழ்ந்திருந்தால் என்னாவதென்று நான் எண்ணாத நாளில்லை.

எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். சூளையினின்றும் வந்த பாண்டத்தின் மேல் பளபளப்புப் பூச்சு எவ்வளவு அழகாயிருப்பினும், கைதேர்ந்த தொழிலாளி அதனைக் கண்ணால் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. விரலால் ஒருமுறை சுண்டிக் கேட்பார். உள்ளே விரிசலிருந்தால் ஓசை அடைத்துக்கொள்ளும். மின்கம்பத்திற்குச் செல்லும் பீங்கானில் அத்தகைய விரிசல் உயிருக்கே உலை வைக்கும். வடிகட்டியும் ஒருவகைப் பூச்சே. நல்ல பூச்சை யான் பழிக்கவில்லை. சுண்டிப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

அவர்கள் சுண்டிப் பார்க்கும் வகை இரண்டு. ஒன்று, கேட்போர் பலரை இருத்தி, குரலின் தரத்திற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் செய்வது. இதிற் குரலின் இனிமை அளக்கப்படுமேயன்றி, சொல் பிழையாது வந்ததா என்பது நேரே அளக்கப்படுவதில்லை. மற்றொன்று, வில்லியம் வாயர்ஸ் என்பார் ஆங்கிலத்திற்கு வகுத்த எதுகைச்சொற் சோதனை. ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் 96 இணைச் சொற்களிற் கேட்டது எதுவென்று கேட்போர் சொல்ல வேண்டும். மிக நல்ல முறை. ஆயினும் அவ்விணைகள் யாவும் முதல் மெய்யொலியாலேயே வேறுபடுவன. நம் இலக்கணமோ ல, ள, ழ, ண, ன என்பன தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்கின்றது! அம்முறையை அப்படியே தமிழுக்குக் கொணர்ந்தால், நமக்கு எவ்வெழுத்தில் இடர்ப்பாடு மிகுதியோ அவ்வெழுத்து ஒன்றேனும் சோதனைக்கு வாராது. தமிழிற் சோதிக்கவேண்டிய இடம் மோனையிடமன்று, எதுகையிடம். அதனை அறிந்து சொற்களைத் தொகுத்துத் தரவல்லவர் பொறியியலாரல்லர். யாப்பருங்கலக் காரிகையோடு மல்லாடிய நாமே.

அகன்ற அலைவரிசை முறைகள் வந்துவிட்டனவே, இக்கவலை எதற்கு என்று சிலர் வினவுவர். பழைய தொலைபேசி 3,400 அதிர்வோடு நின்றது. 2001-ல் வகுக்கப்பெற்ற அகல்முறை 7,000 வரை செல்கின்றது. 2016 முதல் நம் நாட்டில் நான்காம் தலைமுறை வலையிற் குரலழைப்புப் பரவியபின் பலரும் இதன் நலத்தைத் துய்க்கின்றனர். உண்மைதான். ஆனால் வலை மெலிந்த இடத்தில் அழைப்பு மீண்டும் பழைய குறுகிய முறைக்கே இறங்கக்கூடும். வலை மெலியும் இடங்களுள் நம் கிராமங்களே மிகுதி. வேறு சிலர், தமிழரே ழகரத்தை ளகரமாக ஒலிக்கின்றனர், கருவியை நோவதேன் என்பர். இதிலும் பாதி உண்மையுண்டு. எனினும், வாய் செய்த பிழையை நம் ஆசிரியர் திருத்துவார். கருவி செய்த பிழையை யார் திருத்துவார்?

இவ்வேலைக்கு இப்பொழுதே காலம். இணையவழிக் குரற்செய்திகளிற் பெரிதும் வழங்கும் ஓபஸ் என்னும் முறையின் 1.5-ஆம் பதிப்பு 2024 மார்ச்சில் வெளிவந்தது. குறைந்த பிட்டில் வரும் பேச்சைத் துலக்க, பலருடைய குரல்களைக் கேட்டுப் பழகிய ஒரு புதுவகை வடிகட்டி அதன் டிகோடரில் வைக்கப்பட்டுள்ளது. பழைய வடிகட்டி கணக்கால் ஆனது. இப்புதியது பழக்கத்தாலும் ஆனது. பழகிய குரல்களில் ழகரம் அருகியிருப்பின், அது ழகரத்தை எங்ஙனம் துலக்கும்? இக்கேள்விக்குச் சினந்து விடை காண்பதினும் சோதித்து விடை காண்பது மேல்.

ஆகவே தோழர்காள், தமிழ் வகுப்பாரும் பௌதிக வகுப்பாரும் இவ்வாண்டு ஒரு மாலைப்பொழுதேனும் சேர்ந்திருத்தல் வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன். அவர்கள் குரலைச் சுருக்கி விரிக்கட்டும். வடிகட்டியோடு ஒருமுறை, இன்றி ஒருமுறை. கேட்டெழுதும் பணியை நாம் ஏற்போம். கடலூரார் மட்டுமன்றி, மதுரையாரும் நாஞ்சில் நாட்டாரும் விடுதியில் இருக்கின்றனர், செவிக்குப் பஞ்சமில்லை. வலி, வழி, வளி. தலை, தழை, தளை. ஒலி, ஒளி, ஒழி. மனம், மணம் என்று நாற்பது தொகுதி வரை சேர்த்திருக்கின்றேன். ரகர றகரங்களைப் பேச்சிற் பிரித்து ஒலிப்போர் எங்கள் பக்கத்தில் அருகிவிட்டமையால் அவற்றை இப்போதைக்கு விட்டுவிட்டேன். பட்டியல் தமிழ்ப் பகுதி அறிவிப்புப் பலகையில் இருக்கின்றது. விடுபட்டவற்றை எழுதக் கீழே இடமும் விட்டிருக்கின்றேன்.