‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது’: டிஜிட்டல் அடையாள அட்டை வருமுன் நாம் கேட்க வேண்டியவை

பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று பழகிய எவருக்கும் இந்தப் பதில் புதிதல்ல: ‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.’ பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கும். அல்லது தகப்பனின் பெயர் சொந்தப் பெயருக்குரிய இடத்தில் ஏறியிருக்கும். மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தர் பொய் சொல்லவில்லை. அவரால் அதைத் திருத்த முடியாது. யாரால் திருத்த முடியும் என்பதும் பல வேளைகளில் அவருக்குத் தெரியாது.

இடம்பெயர்வுகளின்போது காணி உறுதியையும் சான்றிதழ்களையும் தொலைத்து, பின்னர் ஒவ்வொன்றாக மீள எடுத்த மக்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. ஓர் எழுத்துப் பிழைக்காக ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறியவர்கள் எம்மிடையே ஏராளம்.

இந்தச் சூழலில்தான் முகம், விரல் அடையாளம், கருவிழி ஆகியவற்றைப் பதிவு செய்யும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை அரசாங்கம் முன்னெடுத்து வருகிறது. இந்திய நன்கொடையுடனான இத்திட்டத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்திடப்பட்டது. தரவுகள் யாரிடம் போகும், படைத்தரப்பு அவற்றைப் பார்க்குமா என்ற கேள்விகள் எழுப்பப்பட்டுள்ளன. அவை அவசியமானவை. ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு கேள்வி உண்டு. இந்த மென்பொருள் எப்படி உருவாக்கப்படும், எப்படி மாற்றப்படும், பிழைத்தால் எத்தனை நாளில் திருத்தப்படும்? மென்பொருள் துறை இதைப் பற்றிக் கால் நூற்றாண்டாக விவாதித்து வந்துள்ளது. அந்த விவாதத்தில் எமக்குரிய பாடங்கள் இருக்கின்றன.

இரும்பு வீடும் கல் வீடும்

பெரிய மென்பொருள்கள் பொதுவாக ஒரே முறையில்தான் வாங்கப்பட்டன. முதலில் தேவைகள் எல்லாம் ஒரு தடித்த ஆவணமாக எழுதப்படும். கேள்விப்பத்திரம் கோரப்படும். ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் இரண்டு, மூன்று ஆண்டுகள் அறைக்குள் இருந்து எழுதும். பின்னர் நாடா வெட்டித் திறந்து வைக்கப்படும். அதைப் பயன்படுத்த வேண்டியவர் அன்றுதான் முதன்முதலாக அதைக் காண்பார். பிழைகள் அன்றுதான் தெரியவரும். ஆனால் அதற்குள் பணம் முடிந்திருக்கும்.

இந்த முறையில் சலித்துப்போன 17 மென்பொருள் வல்லுநர்கள் 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி ஒரு சிறு பிரகடனத்தை எழுதினர். ‘அஜைல்’ என்று இன்று அழைக்கப்படும் முறை அந்தப் பெயரை அங்குதான் பெற்றது. அதன் சாரம் எளிது. எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டுவிட முடியாது. ஆகவே சிறு பகுதியாகச் செய்ய வேண்டும். ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை இயங்கும் ஒன்றைப் பயன்படுத்துபவரின் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அடுத்த பகுதியைச் செய்ய வேண்டும்.

எமது மக்களுக்கு இதை விளங்கப்படுத்த யூட்டா வரை போகத் தேவையில்லை. போருக்குப் பின்னர் இந்திய உதவியுடன் வடக்கு கிழக்கில் பெரும்பாலும் கட்டப்பட்ட வீடுகளுக்கு, ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முடிந்தால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. வீட்டுக்காரரே மேற்பார்வை செய்தார். அந்தத் தொகை போதாமல் கடன்பட்டவர்கள் பலர் என்பது உண்மை. ஆனால் குசினி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்கப்பட்ட ஆள் அங்கு வாழப்போகிறவர்தான். இதற்கு மாறாக, 2016இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைக் கொண்டுவரும் திட்டம் கொழும்பில் முடிவாகியே வந்தது. எமது வெக்கைக்கு அது ஒவ்வாது, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது என்று எதிர்ப்பு எழுந்து, கடைசியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மென்பொருளிலும் இரும்பு வீடு, கல் வீடு என்ற வேறுபாடு உண்டு.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு குடும்பப் பதிவு மென்பொருளில் ‘உயிருடன் உள்ளார்’, ‘இறந்துவிட்டார்’ என்று இரண்டே தெரிவுகள் இருந்தால், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் எதைத் தெரிவு செய்வார்? மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின்னரே, 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற மூன்றாவது நிலை அங்கீகரிக்கப்பட்டது. கொழும்பில் அறைக்குள் இருந்து எழுதுபவருக்கு இந்த மூன்றாவது தெரிவு நினைவுக்கு வராமல் போகலாம். முல்லைத்தீவில் ஒரு தாயின் முன்னால் அந்தத் திரையை வைத்தால் அரை மணி நேரத்தில் அது தெரிந்துவிடும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத, தகப்பன் பெயரை முன்னெழுத்தாக இடும் எமது பெயர் முறையும் அப்படித்தான்.

வேகத்தின் ஆபத்தும் தேக்கத்தின் ஆபத்தும்

சிறு சிறு மாற்றங்களை அடிக்கடி செய்வதென்றால், ஒவ்வொன்றையும் பாதுகாப்பாக மக்களிடம் சேர்க்கும் ஒழுங்கு வேண்டும். துறையில் இதைத் ‘தொடர் விநியோகம்’ என்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் கணினியே தானாகச் சோதிக்கும். எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதைப் பார்ப்பார். பின்னர் முதலில் ஒரு சிறு தொகுதியினருக்கு மட்டும் வெளியிடப்படும். பிழைத்தால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திருப்பப்படும். இதில் ஒரு படியைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜூலை 19 உலகுக்குக் காட்டியது.

அன்று இலங்கை நேரப்படி காலை 9.39க்கு, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறு கோப்பைத் தன் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு அனுப்பியது. 78 நிமிடங்களில் அது மீளப்பெறப்பட்டது. அதற்குள் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் முடங்கிவிட்டன என்று மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன. பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்கள் நோயாளரின் பதிவுகளைத் திறக்க முடியாமல் தவித்தனர். காரணமோ மிகச் சிறியது. 21 தரவுகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே வழங்கப்பட்டன. இல்லாத 21ஆவதை வாசிக்கப்போய்க் கணினிகள் விழுந்தன. அந்தக் கோப்பு முதலில் ஒரு சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பப்பட்டிருந்தால் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதே சிறு வழுவைப் பேரிடராக்கியது. படிப்படியாக வெளியிடும் முறையை அந்நிறுவனம் அதன் பின்னரே இவ்வகைக் கோப்புகளுக்குக் கொண்டுவந்தது.

இதைப் பார்த்து, ‘மாற்றாமல் விடுவதே பாதுகாப்பு’ என்று முடிவு செய்தால் அது இன்னொரு குழி. அதில் விழுந்த அனுபவம் இலங்கை அரசுக்கே உண்டு. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணிமைச் சேவை கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் அழிந்தன, ஏனெனில் அக்காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது.

ஒன்று சோதிக்காத வேகத்தால் வந்த அழிவு. மற்றது தேக்கத்தால் வந்தது. மென்பொருள் ஒரு முறை கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தும் மண்டபம் அல்ல. அது கிணறு போன்றது. இறைத்துத் துப்புரவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே கை வைப்பவர் யார்?

மாற்றங்கள் போகும் வழி திறந்திருக்கிறது என்றால், அதே வழியால் வேறு எவரும் நுழையலாம். 2020 டிசம்பரில் வெளியான சோலர்விண்ட்ஸ் ஊடுருவலில் நடந்தது அதுதான். ஊடுருவியவர்கள் அந்நிறுவனத்தின் மென்பொருள் தயாராகும் இடத்திலேயே தமது நிரலைச் செருகினர். நிறுவனத்தின் சொந்த முத்திரையுடனேயே அது அமெரிக்க அரச திணைக்களங்கள் வரை போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இன்று பாதுகாப்பைக் கடைசியில் ஒட்டும் பூட்டாகக் கருதாமல், ஒவ்வொரு படியிலும் வைக்க வேண்டும் என்கிறார்கள். யார் எந்த வரியை மாற்றினார், யார் அனுமதித்தார், எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அழிக்க முடியாதபடி பதியப்பட வேண்டும்.

எமக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல. 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் குடியிருப்பாளர்களைப் பதிவு செய்தமைக்கு எதிராக உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் அஞ்சி வாழ்ந்த சமூகம் இது. அப்படிப்பட்ட மக்களிடம் ‘தரவு பாதுகாப்பாக உள்ளது’ என்ற வாக்குறுதி மட்டும் போதாது. என் பதிவை எந்த அலுவலகம் எப்போது திறந்து பார்த்தது என்பதை நானே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் தரும் உரிமைகள், மென்பொருளின் வடிவமைப்பில் இடம்பெறாவிட்டால் நடைமுறையில் கிடைக்கப்போவதில்லை.

கணினியை நம்பி மனிதரைத் தண்டித்த கதை

பிழையை ஏற்க மறுக்கும் ஒரு முறைமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரித்தானியத் தபால் துறையே சாட்சி. 1999 முதல் அங்கு ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் அறிமுகமானது. அது காட்டிய பற்றாக்குறைகளுக்காக உப தபாலதிபர்கள் மீது களவு, கணக்கு மோசடிக் குற்றங்கள் சுமத்தப்பட்டன. 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களில் தெற்காசிய வம்சாவளியினரும் பலர். ‘எனக்கு மட்டுமா இப்படி?’ என்று கேட்டவர்களுக்கு, ‘வேறு எவருக்கும் பிரச்சினை இல்லை’ என்று சொல்லப்பட்டது. 2019 டிசம்பரில்தான் மென்பொருளில் வழுக்கள் இருந்தன என்று மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில் தனிச் சட்டம் இயற்றியே அவர்களில் பலரின் தண்டனைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. அதற்குள் சிலர் சிறையைக் கண்டிருந்தனர். சிலர் தீர்ப்பைக் காணாமலே இறந்துபோயினர்.

எல்லா மென்பொருளிலும் வழு இருக்கும். ஹொரைசனின் குற்றம் வழு இருந்தமை அல்ல. பயன்படுத்தியவர் சொன்னதைக் கேட்க ஒரு வழியும் இல்லாமல் போனமையே. பயன்படுத்துபவரின் குரல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேட்கப்பட வேண்டும் என்ற அஜைல் விதியின் பெறுமதி இங்குதான் விளங்குகிறது.

என்ன கேட்க வேண்டும்?

டிஜிட்டல் அடையாளம் வேண்டாம் என்று சொல்வதல்ல இக்கட்டுரையின் நோக்கம். ஒழுங்காகச் செய்தால், தொலைந்த ஆவணத்துக்காக அலைவதை அது குறைக்கலாம். ஆனால் பதிவு எமது கிராமத்துக்கு வருமுன் கேட்டு வைக்க வேண்டியவை உண்டு.

முதலாவது, நாடு முழுவதும் ஒரே நாளில் வேண்டாம். சில பிரதேச செயலகப் பிரிவுகளில் தொடங்கி, கண்ட பிழைகளைப் பகிரங்கப்படுத்தித் திருத்திய பின்னரே அடுத்த கட்டம். அந்த முதல் பிரிவுகளில் வடக்கு, கிழக்கு, மலையகப் பிரிவுகளும் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்கள் தமிழிலேயே சோதிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, புதிய முறை பிழைத்தால் பழைய அட்டை செல்லுபடியாக வேண்டும். விரல் ரேகை தேய்ந்த கூலித் தொழிலாளியும், போரில் கையையோ கண்ணையோ இழந்தவரும் கருவி அடையாளம் காணவில்லை என்பதற்காகக் கொடுப்பனவை இழக்கக்கூடாது.

மூன்றாவது, பிழை திருத்தத்துக்குக் கால எல்லை. மென்பொருள் குழுக்களின் திறனை அளக்க நான்கு அளவுகோல்கள் பரவலாகப் பயன்படுகின்றன: எவ்வளவு அடிக்கடி மாற்றம் வெளியாகிறது, ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு காலம் எடுக்கிறது, எத்தனை மாற்றம் பிழைக்கிறது, பிழைத்தால் எவ்வளவு விரைவில் சீராகிறது. எமக்கு மிக முக்கியமானது கடைசி அளவுகோல். அந்தக் கணக்கை மாதந்தோறும் வெளியிடச் சொல்ல வேண்டும்.

நான்காவது, காப்புப் பிரதி இருக்கிறது என்ற உறுதிமொழி போதாது. அதிலிருந்து உண்மையில் மீட்டுப் பார்த்த சோதனையின் முடிவைச் சுயாதீனமான ஒரு தரப்பு உறுதிப்படுத்த வேண்டும். 2023இன் அனுபவத்துக்குப் பின் இதைக் கேட்பது மக்களின் உரிமை.

இவற்றைக் கேட்கக் கணினி படித்திருக்கத் தேவையில்லை. எமது நாடாளுமன்ற உறுப்பினர்களும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சங்கங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒப்பந்தங்கள் இறுதியாகும் முன்னரே எழுத்தில் கேட்கலாம். அத்திவாரம் போட்ட பின்னர் குசினியை மாற்றுவது எவ்வளவு செலவு என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.