கலை வரலாறும் கற்பனைக் கதையும் ஒரே அலமாரியில்

நூலகங்களில் கலை வரலாற்றுப் புத்தகங்களுக்கு ஒரு மூலை, அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி வகையறாவுக்கு வேறொரு மூலை. முதல் மூலைக்குப் போகிறவர் ஆராய்ச்சி மாணவர், இரண்டாவது மூலைக்குப் போகிறவர் பொழுதுபோகாதவர் என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கே போகிறவர் இங்கே வரமாட்டார். இந்த இரண்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் ஒரு சின்ன உண்மை. நம்மில் பெரும்பாலோருக்கு மாமல்லபுரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கல்வெட்டிலிருந்து வந்ததல்ல, கல்கியிடமிருந்து வந்தது. 'சிவகாமியின் சபதம்' படித்துவிட்டு அங்கே போகிறவர் ஒவ்வொரு பாறையிலும் ஆயனச் சிற்பியைத்தான் தேடுகிறார். அந்த ஆயனருக்கு நாவல் முழுக்க ஒரே ஏக்கம், அஜந்தாவின் அழியாத வர்ணங்களின் ரகசியம் தெரிய வேண்டும். அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் கல்கி பாதிக் கதையை ஓட்டுகிறார்.

ஆனால் அந்த 'ரகசியம்' இன்று ரகசியமே இல்லை. அஜந்தா வர்ணங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிவப்புக் காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக் கரி, சுண்ணாம்பு வெள்ளை. பெரும்பாலும் மலையடிவாரத்தில் கிடைக்கிற சாதாரண மண்தான். நீலம் மட்டும் லாபிஸ் லாசுலி என்ற கல்லிலிருந்து எடுத்தது, அது வெகு தூரத்தில் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வந்தது. எனக்கென்னவோ கல்கி சொன்ன ரகசியத்தைவிட இதுதான் பெரிய கதையாகப் படுகிறது. ஒரு துளி நீலம், மலைகளைத் தாண்டி, வணிகர் கைகள் மாறி, தக்காணத்தில் ஒரு குகைச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது!

"அப்படியானால் கல்கி பொய் சொன்னாரா?" என்று கேட்காதீர்கள். அவர் நாவல் எழுதினார், அட்டையிலேயே நாவல் என்று போட்டிருக்கிறது. ஊகம் செய்வது கதாசிரியர் மட்டும்தானா என்ன? ஜேம்ஸ் ஃபெர்குசன் 1879-ல், அஜந்தா முதல் குகையில் இருக்கும் ஓர் ஓவியம் இரண்டாம் புலிகேசி பாரசீகத் தூதரை வரவேற்கும் காட்சி என்று எழுதினார். பல ஆண்டுகள் அதைப் பலரும் நம்பினார்கள். பிறகு அந்தக் குகை ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, புலிகேசியோ ஏழாம் நூற்றாண்டு மன்னன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஓவியம் ஒரு ஜாதகக் கதைக் காட்சி என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து.

என் வாதத்துக்கு அடிப்படையே இதுதான். கலை வரலாறும் ஊகம்தான், கதையும் ஊகம்தான். முதலாவது, சான்று காட்டி மறுக்க முடிகிற ஊகம். ஃபெர்குசனை மறுக்க முடிந்தது. ஆயனரை மறுக்க முடியாது, மறுக்கத் தேவையும் இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தவனுக்கு இரண்டுமே விருந்து. புரியாதவனுக்கு இரண்டுமே ஆபத்து.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. எரிக் வான் டானிகன் என்ற சுவிஸ் எழுத்தாளர் 1968-ல் ஒரு புத்தகம் போட்டார். பழைய நாகரிகங்களின் சிற்பங்களிலும் கட்டடங்களிலும் வேற்றுக் கிரகவாசிகளின் தடயம் இருக்கிறது என்று வாதாடும் புத்தகம். மெக்சிகோவின் பலெங்கே நகரில் பக்கால் என்ற மாயா மன்னனின் கல்லறையை 1952-ல் கண்டுபிடித்தார்கள். அதன் மூடியில் உள்ள சிற்பத்தைக் காட்டி, "பாருங்கள், ராக்கெட் ஓட்டுகிறான்" என்றார் டானிகன். மாயா சிற்ப மரபைப் படித்தவர்களுக்கு அதில் தெரிவது உலக மரமும், பாதாளத்தின் வாயில் இருக்கும் மன்னனும். டானிகன் அதை ஒரு அறிவியல் புனைகதையாக எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். வரலாறு என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. திருச்சி உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயில் தூணில் சைக்கிள் ஓட்டும் மனிதன் சிற்பம் இருக்கிறது. அந்தப் படத்தோடு "ஆயிரம் வருடம் முன்பே தமிழன் சைக்கிள் கண்டுபிடித்தான்" என்ற செய்தி எத்தனை பேருக்கு வந்திருக்கும்? அது இருபதாம் நூற்றாண்டுத் திருப்பணியின்போது செதுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கிவிட்டார்கள். எனக்கு அந்த விளக்கம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. தெருவில் புதிதாக வந்த ஒரு வண்டியைப் பார்த்து அசந்துபோன சிற்பி ஒருவர், கையோடு அதைக் கோயில் தூணில் பதிந்துவிட்டார். பெருமைப்பட வேண்டியது அந்த மனுஷனின் கண்ணைப் பார்த்துத்தான். பொய்ப் பெருமை அவரை ஆயிரம் வருஷம் பின்னால் தள்ளிக் காணாமல் போக்கிவிடுகிறது.

சரி, இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி? எனக்குத் தெரிந்த சில ஜோடிகளைச் சொல்கிறேன்.

ஒன்று. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' (1956), கூடவே புதுமைப்பித்தனின் 'சிற்பியின் நரகம்' (1935). முன்னது கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து எல்லாவற்றையும் எளிய தமிழில் ஒரே இடத்தில் சொல்கிற புத்தகம். பின்னது காவிரிப்பூம்பட்டினத்தில் நடக்கும் ஒரு கனவுக் கதை. வாழ்நாளெல்லாம் உழைத்து நடராஜர் சிலை செய்கிற சிற்பிக்கு, சிலை கோயிலுக்குள் போனதும் ஒரு கனவு வருகிறது. வருகிற கூட்டம் முழுக்க மோட்சம் கேட்கிறது, ஒருவர்கூடச் சிலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கலை வரலாறு என்ற துறை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. நிமிர்ந்து பார்ப்பதற்குத்தான் அந்தத் துறையே!

இரண்டு. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்', கூடவே ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). முன்னது சிற்பியின் கையிலிருந்து வந்த இலக்கண நூல். பின்னது இல்லாத ஒரு கோயில் நகரத்தைப் பற்றிய பிரம்மாண்டமான கற்பனை. அங்கே படுத்திருக்கும் சிலை ஒரு கூட்டத்துக்கு விஷ்ணு, இன்னொரு கூட்டத்துக்குத் தங்கள் குலத்தின் மூப்பன். ஒரே உருவம், யாருடையது என்று சண்டை. கலை வரலாற்றில் அன்றாடம் நடக்கும் சண்டை இதுதான், நாவலில் அதற்கு ரத்தமும் சதையும் வந்துவிடுகிறது.

மூன்று. ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு'. ஜி. குப்புசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. இதற்கு ஜோடியே தேவையில்லை, இரண்டும் இதற்குள்ளேயே இருக்கிறது. 1591-ல் இஸ்தான்புல் நுண்ணோவியர்களிடையே நடக்கும் கொலைக் கதை. பிணம் பேசும், நாய் பேசும், சிவப்பு நிறமே வந்து பேசும். நடுவில், ஐரோப்பியர் மாதிரி வரைவதா நம் மரபுப்படி வரைவதா என்ற சண்டையில் ஒரு காலமே உடைகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ராமநாதபுரம்தான் ஞாபகம் வரும். எங்கள் திருப்பாலைக்குடியிலிருந்து தேவிபட்டினம் வழியாக பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர். அங்கே அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரையப்பட்ட சுவரோவியங்கள் உள்ளே நிறைந்து கிடக்கின்றன. ராமாயணம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், மதுரை நாயக்கர் சேதுபதிக்கு ரத்தின அபிஷேகம் செய்வது, ராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையால் செங்கோல் கொடுப்பது, தொப்பியும் கோட்டுமாக ஐரோப்பியர் வந்து சேதுபதியைச் சந்திப்பது.

கொஞ்சம் யோசியுங்கள். அந்த அம்மன் காட்சியும் போர்க் காட்சியும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒன்று நடந்தது, மற்றது நடந்ததாக ராஜா நம்ப விரும்பியது. ஓவியருக்கு இரண்டும் ஒரே தூரிகை, ஒரே வர்ணம். ஃபேண்டஸியும் வரலாறும் சேர்ந்த புத்தகம் ஒன்று முந்நூறு வருஷமாக எங்கள் பக்கத்து ஊர்ச் சுவரில் திறந்தே கிடக்கிறது!

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெனிஃபர் ஹவ்ஸ் தென்னிந்திய அரசவைகள் பற்றி 2003-ல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூலில் இந்த அரண்மனைக்கு முக்கிய இடம் உண்டு. சேதுபதிகளின் அரசியல் வரலாற்றைத் தமிழில் படிக்க எஸ்.எம். கமாலின் 'சேதுபதி மன்னர் வரலாறு' இருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, இந்த ஓவியங்களைக் காட்சி காட்சியாக, வண்ணப் படத்தோடு, கல்லூரி மாணவன் வாங்குகிற விலையில் விளக்கும் தமிழ்ப் புத்தகம். இன்னொன்று, தொப்பிக்காரனை முதன்முதலாக வரைய உட்கார்ந்த அந்த ஓவியரின் மண்டைக்குள் புகுந்து எழுதிய ஒரு கதை. அந்த ஆள் என்ன நினைத்திருப்பார்? இவர்கள் விருந்தாளிகள் என்றா, இல்லை இனி இவர்கள்தான் என்றா? சான்று இங்கே வாயை மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் போக கதைக்குத்தான் அனுமதி.

"பரீட்சைக்கு வராத விஷயத்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். பதில் இருக்கிறது. சுவரோவியம் கோயில் கல் மாதிரி இல்லை. ஈரம், உப்புக் காற்று, வௌவால், வெள்ளையடிக்கும் ஆர்வம், ஆணியால் பேர் கிறுக்கும் காதலர்கள் எல்லாமே அதற்கு எதிரி. ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அது நல்லது. ஆனால் பூட்டும் காவலாளியும் மட்டும் ஓவியத்தைக் காப்பாற்றாது. அதற்குப் பொருள் தெரிந்த கூட்டம் வேண்டும். பொருள் தெரிவது கலை வரலாற்றால். தெரிந்ததை நேசிப்பது பெரும்பாலும் கதையால். மாமல்லபுரத்துக்கு இத்தனை பேர் ஆசையோடு போவதில் கல்கிக்குப் பங்கில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் சுவருக்கு இன்னும் ஒரு கல்கி வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சாக்கு, புத்தகம் விலை அதிகம் என்பது. கல்கி, புதுமைப்பித்தன், மயிலை சீனி. வேங்கடசாமி மூவரின் எழுத்துகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மலிவுப் பதிப்பும் உண்டு, இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். அதனால் அந்தச் சாக்கு செல்லாது.

ஆகவே மக்களே, அடுத்த முறை நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுக்கும்போது ஒன்று இந்த மூலையிலிருந்து, ஒன்று அந்த மூலையிலிருந்து எடுங்கள். கலை வரலாற்றைப் படிக்கும்போது "இதற்குச் சான்று என்ன?" என்று கேளுங்கள். கதையைப் படிக்கும்போது "இப்படி நடந்திருந்தால்?" என்று கேளுங்கள். கேள்விகளை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் தூணில் சைக்கிள் ஓட ஆரம்பித்துவிடும் :-)