நாடா வெட்டிய கம்பியூட்டரை அடுத்த மாதம் யார் பார்ப்பது?

பாடசாலைக்குக் கம்பியூட்டர் கொடுக்க நம் ஊரில் ஆள் குறைவில்லை. பழைய மாணவர்கள் கொடுக்கிறார்கள், வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்கள் கொடுக்கிறார்கள். நாடா வெட்டுகிறோம், போட்டோவும் போடுகிறோம். அந்த மெஷின்களை அப்டேட் பண்ணுவது யார் என்று கேட்டால் மட்டும் கூட்டத்தில் சத்தமே இல்லை.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. நன்கொடையாக வரும் பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போடுவது நல்ல முடிவுதான். ஆனால் "லினக்ஸுக்கு வைரஸ் வராது, போட்டுவிட்டு விட்டுவிடலாம்" என்கிறார்களே, அதை ஏற்க முடியாது.

2021 ஜனவரியில் சூடோ என்ற கட்டளையிலேயே ஓர் ஓட்டை வெளியே வந்தது. கிட்டத்தட்ட பத்து வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை. சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒருவர் முழு மெஷினுக்கும் அதிகாரியாகிவிடலாம். திருத்தம் உடனே வந்தது. அப்டேட் பண்ணியவர்களுக்குத்தான் அது கிடைத்தது. நாற்பது பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் ஆய்வுகூடத்தில் இது சின்ன விஷயமா?

வேலையும் பெரிதல்ல. விண்டோஸில் பல மென்பொருட்களைத் தனித்தனியே புதுப்பிக்க வேண்டியிருக்கும். இங்கே பெரும்பாலானவற்றை ஆப்ட் என்ற ஒரே கருவி பார்த்துக்கொள்கிறது. 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்பது புதிய பட்டியலை மட்டும்தான் கொண்டுவரும். பெயரைப் பார்த்து வேலை முடிந்தது என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தால்தான் மென்பொருள் உண்மையில் மாறும். வந்த பட்டியல் உரிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்த்து அதுவே சரிபார்க்கும். யாரோ பென்ட்ரைவில் கொண்டுவந்து தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

இடையில் கரண்ட் போனால்? நியாயமான பயம்தான். பெரும்பாலும் 'சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். (இவற்றை ஆங்கில எழுத்தில்தான் டைப் பண்ண வேண்டும், பிள்ளைகளுக்குத் தெரியும்.) பரீட்சை நாளன்று மட்டும் கை வைக்க வேண்டாம்.

டேட்டாச் செலவுதான் உண்மையான தடை. நோன்பு விடுமுறை முடிந்து ஆய்வுகூடத்தைத் திறந்தால் அத்தனை வார அப்டேட்டும் சேர்ந்து நிற்கும். ஒரு மெஷினுக்கு 400 எம்பி என்று வைத்தாலும் 20 மெஷினுக்கு 8 ஜிபி. இதற்கும் வழி இருக்கிறது. ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இலவச மென்பொருளை ஒரு மெஷினில் போட்டு, மற்றவற்றை அதன் வழியாக எடுக்கும்படி அமைத்தால், ஒரு பொதி இணையத்திலிருந்து ஒரு தடவைதான் இறங்கும். மற்ற 19 மெஷினும் ஆய்வுகூடத்து வயரிலேயே எடுத்துக்கொள்ளும். ஒரே பதிப்பை எல்லாவற்றிலும் போட்டிருந்தால்தான் இதன் முழுப் பயனும் கிடைக்கும். ஆளுக்கொரு வகை லினக்ஸ் போட்டுத் தருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நாம் இரண்டு விஷயம் கேட்கப் போகிறோம். ஒன்று, ஆய்வுகூடத்துக்கென்று மாதாந்த இணையச் செலவு. மற்றது, உயர்தர ஐசிடி பிள்ளைகள் இரண்டு பேரும் ஓர் ஆசிரியரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த வேலையைச் செய்வதற்கு அனுமதி. கம்பியூட்டர் தர நினைத்திருப்பவர்கள் ஒரு மெஷினைக் குறைத்து, அந்தக் காசை இதற்குத் தந்தால் இன்னும் சந்தோஷம். போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.