அரை ஏக்கருக்கு எத்தனை அங்குலம்?

வட கரோலினாவில் ஏப்ரல் பிறந்துவிட்டால் புல்லைக் கையில் பிடிக்க முடியாது. மழையும் இளவெயிலும் மாறி மாறி வர, சனிக்கிழமை வெட்டிய புல் அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே கணுக்காலைத் தொட்டு நிற்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்ற, குளிரில் தழைக்கும் புல். மார்ச் கடைசியில் எழும்பி மே வரை விரட்டும். ஜூலை வெயிலில் துவளும். செப்டம்பரில் மறுபடி தலைதூக்கி நவம்பர் வரை வேலை வைக்கும். இந்தப் பருவத்தில் கேரி வேங்கடேஸ்வரர் கோயில் வாசலிலும் தமிழ்ப் பள்ளி கார் நிறுத்தத்திலும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: “அண்ணே, 21 இன்ச் மோவர் பத்த மாட்டேங்குது. உட்கார்ந்து ஓட்டுறதே வாங்கிடலாமா?”

“வேண்டாம் தம்பி. நடந்து ஓட்டுறதுலயே பெருசு இருக்கு, முதல்ல அதைப் பாருங்க” என்பதுதான் என் பதில். கோயில் வாசலில் நின்று விளக்க நேரம் போதாத காரணங்களை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒன்பது கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வீடு, டிரைவ்வே, மரத்தடியில் பைன் ஊசி பரப்பிய இடம் எல்லாம் போக 15,000 சதுர அடி புல் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 அங்குல மோவர் ஒவ்வொரு சாலிலும் முழு 21 அங்குலத்தை வெட்டிக் கொடுத்துவிடாது. நடுவில் கீற்றுக் கீற்றாகப் புல் விட்டுப்போகாமல் இருக்க, முந்தைய சாலின்மேல் மூன்று அங்குலமாவது ஏற்றி ஓட்ட வேண்டும். ஆக, கைக்கு வருவது ஒன்றரை அடி. வகுத்துப் பார்த்தால் 10,000 அடி நடை, அதாவது மூன்று கிலோமீட்டர். அதே புல்லை 30 அங்குல மோவரால் வெட்டினால், ஏற்றியது போக 27 அங்குலம். நடை இரண்டு கிலோமீட்டரில் முடிந்துவிடும். சால்களின் எண்ணிக்கை குறைவதால் திருப்பங்களும் அதே விகிதத்தில் குறையும். எட்டு மாதப் பருவம் முழுவதும் வாராவாரம் இது மிச்சமாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு மிச்சம் இருந்தும் கடைகளில் இந்த அளவு கண்ணில் படுவதே அரிது. 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேல்பிசிறைச் சீவும் ஆலை எந்திரத்தைப் பார்த்து முதல் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய முதல் எந்திரத்தின் அகலம் 19 அங்குலம். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளில் வீட்டு மோவர் அதைவிட இரண்டு மூன்று அங்குலம்தான் அகன்றிருக்கிறது. பெரிய கடைகளின் வாசலில் வரிசையாக நிற்பவை எல்லாம் 21, 22. அவற்றுக்குப் பக்கத்திலேயே 42 அங்குல டிராக்டர்கள். நடுவில் இருக்கும் 28, 30 அங்குல மோவர்களை ஒரு மூலையில்தான் தேட வேண்டும். பல நேரம் என்ஜின் பழுதுபார்க்கும் சின்னக் கடையில் கேட்டால்தான் கிடைக்கும். நம்மவர்கள் 21-லிருந்து ஒரே தாவாகத் தாவி டிராக்டரில் உட்காருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிராக்டர் வந்துவிட்டால் பழைய மோவருக்கு ஓய்வு கிடைக்கும் என்றால் அதுவும் இல்லை. மரங்களைச் சுற்றியும் வேலி ஓரத்திலும் அது விட்டுவைப்பதை வெட்ட 21 அங்குல மோவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு என்ஜின், இரண்டு ஆயில் மாற்றம், கராஜில் ஒரு கார் இடம் போயிற்று. மழைக்குப்பின் ஈரமான செங்களிமண்ணில் டிராக்டர் சக்கரம் பதிந்த தடம் கோடை முழுக்க மறையாது. முக்கால் ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கு, நடக்க உடம்பு ஒத்துழைக்கும் வரை, டிராக்டர் தேவையில்லை என்பது என் முடிவு.

30 அங்குலத்தில் பலரும் அறிந்தது டோரோ நிறுவனத்தின் டைம்மாஸ்டர். 223 சிசி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின், கைப்பிடியை அழுத்தும் அளவுக்கு நம் நடையோடு சேர்ந்து நகரும் சக்கரங்கள். வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் சொல்லி பிளேடை மூடியிருக்கும் டெக்கின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான 21 அங்குல மோவர்களில் ஒரே பிளேடு, என்ஜின் தண்டிலேயே நேராக போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை. 30 அங்குலத்தில் இரண்டு பிளேடுகள். நடுவில் புல் தப்பிவிடக் கூடாது என்பதால் ஒன்றின் வட்டத்துக்குள் இன்னொன்று புகுந்து போகும். இரண்டும் மோதிக்கொள்ளாதபடி பல்வைத்த பெல்ட் ஒன்று இரண்டையும் ஒரே தாளத்தில் சுழற்றுகிறது. தரைக்கு மேல் துருத்தி நிற்கும் வேரில் ஒருமுறை பலமாக இடித்தால், வளைந்த பிளேடோடு அந்தத் தாளத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கும். பெல்ட் தேயும், மாற்ற வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்கும்போது, அந்த பெல்ட்டை மாற்றித் தரும் ஆள் ஊரில் இருக்கிறாரா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு மேலே 32, 36, 48 அங்குலம் என்று புல்வெட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்கள் பயன்படுத்தும் நடை மோவர்கள் இருக்கின்றன. பல நூறு பவுண்டு எடை, பல ஆயிரம் டாலர் விலை. ஹைட்ராலிக் முறையில் ஓடுபவற்றில் பின்னோக்கிச் செல்லும் வசதி உண்டு. பின்னால் ஒரு பலகையை மாட்டி நின்றுகொண்டும் ஓட்டலாம். முக்கால் ஏக்கரைத் தாண்டி, வேலியும் இல்லாதவர்கள் நல்ல நிலையில் உள்ள பழைய 36-ஐத் தேடலாம். மற்றவர்களுக்கு அது தேவைக்கு மீறியது.

இனி, எந்த விளம்பரமும் சொல்லாத விஷயம். மோவரின் அகலத்தைத் தீர்மானிப்பது ஏக்கர் கணக்கு அல்ல, உங்கள் நிலத்தில் இருக்கும் மிகக் குறுகலான இடம். முதலில் வேலிக்கதவு. 36 அங்குலக் கதவு என்று சொல்லித்தான் போட்டிருப்பார்கள். கீல், தாழ்ப்பாள், தூண் போக உள்ளே 34 இருந்தாலே அதிகம். 30 அங்குலம் என்பது வெட்டும் அகலம் மட்டுமே. டெக்கின் ஓரங்களும் சக்கரங்களும் சேர்ந்தால் இன்னும் சில அங்குலம் கூடும். ஆகவே பெட்டியின்மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் டேப் எடுத்து இரண்டையும் அளந்துவிடுங்கள். 36 அங்குல மோவர் 36 அங்குலக் கதவில் நுழையாமல் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது திருப்பம். ஏபெக்ஸில் இருக்கும் ஈரோட்டு நண்பர் வீட்டில் புல் வெட்டுவது அவர் மனைவி. அவருக்கு அது விருப்பமான வேலை. பக்கத்து வீட்டுக்காரரின் 30 அங்குல மோவரை ஒரு நாள் வாங்கி ஓட்டிப் பார்த்தார். முன்பக்கம் நீளமான, தடையில்லாத புல்வெளி. வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் மூன்று கிரேப் மிர்ட்டில் மரங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்ன வட்டப் பாத்தி. “முன்னாடி சுகமா இருந்துச்சுங்ணா. பின்னாடி இழுத்து இழுத்துத் தோளே போயிருச்சு” என்றார். 21 அங்குல மோவர் நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். இது அறுபதை ஒட்டி. வீட்டு மோவர்களில் பெரும்பாலானவை முன்னோக்கி மட்டுமே தானாக நகரும். பின்னால் இழுப்பது முழுக்க நம் தோள்தான். செடிக்கு அடியில் விட்டு, இழுத்து, மறுபடி விட்டு என்று வேலை செய்யும் இடத்தில் அந்த இருபது கிலோ வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

அவர்கள் செய்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மூன்று வட்டப் பாத்திகளையும் இணைத்து ஒரே நீண்ட பாத்தியாக்கி, மேலே பைன் ஊசியைப் பரப்பிவிட்டார்கள். வெட்ட வேண்டிய புல்லும் குறைந்தது, வளைந்து வளைந்து போன சால்கள் நேராயின. அதற்குப் பிறகுதான் மோவர் வாங்கினார்கள். பெரிய மோவர் வாங்க நினைக்கும் எல்லோரும் ஒரு காகிதத்தில் தங்கள் நிலத்தை வரைந்து, எங்கெங்கே பின்னால் இழுக்க நேர்கிறது என்று குறித்துப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் பாதியை மண்வெட்டியாலேயே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

மேடு பள்ளம் இன்னொரு கவலை. டெக்கின் உயரத்தை நான்கு மூலைச் சக்கரங்கள்தான் தாங்குகின்றன. மேப்பிள் மரத்தின் வேர் மண்ணைத் தூக்கி ஒரு சிறு திமில் உண்டாக்கியிருந்தால், சிறிய மோவர் அதன்மேல் ஏறி இறங்கிவிடும். அகலமான மோவரின் சக்கரங்கள் திமிலுக்கு இருபுறமும் போய்விட, நடுவில் பிளேடு அதன் உச்சியை வழித்து எடுத்துவிடும். மறுநாள் பார்த்தால் உள்ளங்கையகலத்துக்குப் புல்லின் தூர் வெளுத்து, நடுவே செம்மண் தெரியும். அந்த இடத்தில் களை முளைக்கப் பத்து நாள் போதும். ஃபெஸ்க்யூவை எப்படியும் மூன்றிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் வைப்பதுதான் நல்லது என்பதால் எங்கள் ஊரில் இதைச் சமாளித்துவிடலாம். டெக்சஸில் பெர்முடா புல்லை ஓரிரண்டு அங்குலத்துக்கு ஒட்ட வெட்டுகிறவர்கள், நிலம் தளமாக இல்லாவிட்டால் அகலத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

சரிவு இருந்தால் பின்சக்கரம் ஓட்டும் வகையைத்தான் வாங்க வேண்டும். முன்சக்கர வகையில், பின்னால் பை நிறைந்ததும் மூக்கு தூக்கிக்கொண்டு சக்கரம் வழுக்கும். நடை மோவரைச் சரிவின் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் புல்லே வேண்டாம். ஜூனிப்பர் போன்ற படரும் செடியை நட்டுவிடுங்கள்.

பெட்ரோலா, பேட்டரியா என்ற விவாதத்தில் எனக்கு அதிக ஆர்வமில்லை. கலிபோர்னியா 2021-ல் இயற்றிய சட்டப்படி 2024 மாடலிலிருந்து புதிய பெட்ரோல் மோவர்களுக்கு அங்கே வழி அடைபட்டுவிட்டது. ஒரு தலைமுறையே நம்பி வாங்கிய ஹோண்டா, எங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஸ்வெப்சன்வில் ஆலையில் 2023-ல் மோவர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. டோரோவின் 30 அங்குலமே இப்போது 60 வோல்ட் பேட்டரியிலும் வருகிறது. ஏப்ரல் மாதத்து அடர்ந்த, ஈரம் காயாத புல்லில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அகலமான டெக்கில் இன்னும் சீக்கிரம். 15,000 சதுர அடி என்றால் இரண்டாவது பேட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். பெட்ரோல் என்றால், மாதக்கணக்கில் டேங்கில் அதைத் தேங்க விடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டால் முதலில் அடைபடுவது கார்புரேட்டர்.

கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த வசதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேடை மட்டும் நிறுத்தும் அமைப்பைச் சொல்வேன். கைப்பிடியை விட்ட மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982 முதல் கட்டாயம். மலிவான மோவர்களில் அதற்காக என்ஜினையே அணைத்துவிடுவார்கள். பைன் காய் பொறுக்க, பந்தை எடுத்துப் போட, வேலிக்கதவைத் திறக்க என்று ஒவ்வொரு முறையும் மறுபடி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். சலிப்பில் சிலர் அந்தக் கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எத்தனை பெரிய மோவர் ஆனாலும், புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. அந்த அளவோடு வெட்டினால் துணுக்குகளைப் பையில் சேர்க்கவும் வேண்டாம்; நிலத்திலேயே விழுந்து மக்கி, புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் கணிசமான பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

நான் நடையை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடந்து வெட்டும்போதுதான் நெருப்பெறும்புப் புற்று கண்ணில் படுகிறது, தெளிப்பான் கசியும் இடம் காலடியில் சதசதக்கிறது, எந்த மரம் வேரோரம் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று தெரிகிறது. கடன் வாங்கி, முப்பது வருடம் தவணை கட்டி நமதாக்கிக்கொள்ளும் மண் இது. வாரம் ஒருமுறையாவது அதன்மேல் நடப்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரப்பர் செருப்போடு மோவர் தள்ளும் நம்மவர்களை ஒவ்வொரு வசந்தத்திலும் பார்க்கிறேன். அறுபது கிலோ எந்திரத்தைப் பின்னால் இழுக்கும்போது கால் வழுக்கினால், டெக் வந்து நிற்கும் இடம் பாதம்தான். 12 வயது ஆகாத பிள்ளைகள் கையில் நடை மோவரைக் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. சின்னப் பிள்ளைகள் அந்த நேரம் வெளியிலேயே இருக்கக் கூடாது. 21 வாங்கினாலும் 30 வாங்கினாலும், ஷூவைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.